ஆன்டிபாடி நிறைய இருந்தும் அப்பாவுக்கு நிமோனியா வந்தது ஏன்?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் அப்பாவுக்கு 68 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து கீமோதெரபி நடந்துகொண்டிருக்கிறது. கீமோ ஆரம்பிப்பதற்கு ஒரு மாதம் முன்பே நியூமோகாக்கல் தடுப்பூசி போட்டுவிட்டோம். ரத்தப் பரிசோதனை செய்து, ஆன்டிபாடி நன்றாக ஏறியிருக்கிறது என்றும் சொன்னார்கள். ஆனால் மூன்றாவது சுற்று முடிந்த பத்தாம் நாள் திடீரென்று காய்ச்சல். இருமல் இருந்தது, சளியே வரவில்லை. முதல் எக்ஸ்ரேயில்கூட ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் நிமோனியா என்றார்கள். ரத்தத்தில் வளர்ந்தது அதே நியூமோகாக்கஸ் கிருமி! நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கை வெறும் 300 என்றார்கள். இப்போது தேறிவிட்டார். ஆன்டிபாடி இருந்தும் ஏன் வந்தது? போட்ட ஊசி வீண்தானா? அடுத்த சுற்றிலிருந்து வெள்ளையணு ஏறுவதற்கு ஓர் ஊசி போடுவோம் என்கிறார்கள், அது எதற்கு? பி.சி.ஜி. போட்டால் மொத்த எதிர்ப்பு சக்தியும் கூடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன், போடலாமா? அம்மாவுக்கும் என் இரண்டு குழந்தைகளுக்கும் இந்தத் தடுப்பூசியைப் போடுவதில் பயன் உண்டா?

பதில்:

அப்பா தேறி வந்துவிட்டார் என்பது பெரிய நிம்மதி. நியூட்ரோஃபில் 300-ல் இருக்கும்போது ரத்தத்தில் நியூமோகாக்கஸ் ஏறினால் எல்லோரும் தப்பிப்பதில்லை. ஊசி வீணா என்ற கேள்விக்கு விடை, நீங்களே எழுதியிருக்கும் அந்த 300-ல்தான் இருக்கிறது.

"தடுப்பூசி போட்டால் ஆன்டிபாடி உண்டாகும், ஆன்டிபாடி கிருமியைக் கொல்லும்." மருத்துவர்கள் நாங்களே அவசரத்தில் இப்படித்தான் சொல்லிவிடுகிறோம். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி நியூமோகாக்கஸைப் பொறுத்தவரை தப்பு. ஆன்டிபாடி அந்தக் கிருமியைக் கொல்வதே இல்லை. கொல்லும் வேலை வேறொருவருடையது.

இதை நான் கண்ணால் பார்த்துத்தான் நம்பினேன். மருத்துவமனை வேலைக்கு வருவதற்கு முன் சில வருடங்கள் தடுப்பூசிகளைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் இருந்தேன். தடுப்பூசி போட்டவர்களின் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர், எங்களிடம் வரும். சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் அந்த சீரத்தையும் நியூமோகாக்கஸையும் முதலில் அரை மணி நேரம் ஒன்றாக வைப்போம். அப்புறம் முயல்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுத்த காம்ப்ளிமென்ட் புரதங்களையும் (ஆன்டிபாடிக்குத் துணைபோகும் ரத்தப் புரதங்கள்), கிருமியை விழுங்கும் செல்களையும் சேர்ப்போம். உடம்பில் அந்த விழுங்கும் வேலை முக்கியமாக நியூட்ரோஃபிலுடையது. ஒரு கிருமிக்கு 400 செல் என்பது கணக்கு. 37 டிகிரியில் முக்கால் மணி நேரம். பிறகு ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு துளி எடுத்து, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் இட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் காலையில் வந்து, துளி விழுந்த இடத்தில் எத்தனை கிருமிக் கூட்டம் முளைத்திருக்கிறது என்று எண்ணுவோம். பாதிக் கிருமியாவது செத்திருக்க சீரத்தை எத்தனை மடங்கு வரை நீர்க்க விடலாம் என்பதுதான் அந்த ஊசிக்கான மதிப்பெண்.

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு விளங்கவைக்க, விழுங்கும் செல்களைச் சேர்க்காத ஒரு வரிசையையும் வைப்போம். ஆன்டிபாடி எவ்வளவு செறிவாக இருந்தாலும் சரி, காலையில் அந்த வரிசை முழுக்க ஊசிமுனை ஊசிமுனையாகக் கிருமிகள் நெருக்கியடித்து நிற்கும். பக்கத்து வரிசையில் அதே சீரம், அதே கிருமி, கூடவே செல்கள். அந்த இடம் துடைத்துவிட்டாற்போல இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தச் செல்கள் சீரம் கொடுத்தவருடையவை இல்லை. 1970-களில் ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து வளர்க்கத் தொடங்கி, இன்றுவரை ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கும் எச்.எல்.-60 என்ற வகை. அவற்றைச் சில நாள் பக்குவப்படுத்தினால் நியூட்ரோஃபில் மாதிரி நடந்துகொள்ளும். ஆக, உங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு அவருடைய சீரத்தை இந்தத் தட்டில் ஓட்டியிருந்தால்கூட நல்ல மதிப்பெண்ணே வந்திருக்கலாம். செல்களை நாங்கள் கடனாகக் கொடுத்திருப்போம். அவர் உடம்பில் கடன் கொடுக்க ஆள் இல்லை.

உங்களிடம் கொடுத்த ஆன்டிபாடி அறிக்கை இதைவிடவும் எளிய பரிசோதனை. எவ்வளவு ஆன்டிபாடி இருக்கிறது என்று மட்டும் அது அளக்கும். கிருமியை விழுங்கவைக்கும் அளவுக்கு அது உருப்படியானதா என்று பார்க்காது. வயதானவர்களில் அளவு நன்றாக இருந்தும் வேலைத்திறன் குறைந்திருப்பது உண்டு.

சரி, ஆன்டிபாடி அப்படி என்னதான் செய்கிறது? நியூமோகாக்கஸின் மேல் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன வழுவழுப்பான உறை ஒன்று இருக்கிறது. நியூட்ரோஃபில் பிடிக்கப் போனால் விலாங்கு மாதிரி நழுவிவிடும். காம்ப்ளிமென்ட் புரதங்கள் போய் ஒட்டினாலும் உறைக்கு அடியில், செல்சுவரின் மேல்தான் பெரும்பாலும் ஒட்டும். வெளியிலிருந்து அது தெரியாது. தடுப்பூசியால் உண்டாகும் ஆன்டிபாடி அந்த உறையின் மேலேயே ஒட்டிக்கொண்டு, தன் வாலை வெளியே நீட்டி நிற்கிறது. காம்ப்ளிமென்டையும் உறையின் வெளிப்பக்கத்துக்கே இழுத்து வருகிறது. நியூட்ரோஃபிலின் மேல் அந்த வாலைப் பிடிக்கவென்றே ஏற்பிகள் இருக்கின்றன. பிடித்த மாத்திரத்தில் விழுங்கும், உள்ளே நச்சு ஆக்ஸிஜனும் நொதிகளும் ஊற்றிக் கொல்லும். வழுக்குகிற பொருளுக்குக் கைப்பிடி வைத்துக் கொடுப்பது மட்டும்தான் ஆன்டிபாடியின் வேலை. கை வேண்டாமா?

இந்தக் கையும் பிடியும் யார் பெரியவர் என்று ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. 1882-ல் இத்தாலியின் மெஸ்ஸினாவில், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடம்பில் முள்ளைச் செருகி, அதைச் சுற்றிச் செல்கள் மொய்ப்பதைப் பார்த்தவர் ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகாஃப். எதிர்ப்பு என்றால் விழுங்கும் செல்தான் என்றார் அவர். ரத்தத்தில் கரைந்திருக்கும் பொருள்தான் என்றது எதிர்க்கட்சி. 1903-ல் ஆல்ம்ராத் ரைட்டும் ஸ்டீவர்ட் டக்ளஸும், சீரத்தில் இருக்கும் ஏதோ ஒன்று கிருமியை விழுங்குவதற்குத் தயார் செய்கிறது என்று காட்டி அதற்கு ஆப்சோனின் என்று பெயர் வைத்தார்கள். சாப்பாடு தயாரிப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. 1908-ல் நோபல் பரிசை மெச்னிகாஃபுக்கும் எதிர்முகாமின் பால் எர்லிக்குக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். பரிசுக் குழு சமாதானம் பேசியதாகவே எனக்குத் தோன்றும்.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருவோம். கீமோ மருந்து, வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்கியாக வேண்டும். அவை ரத்தத்தில் நீண்ட நாள் இருக்கும் ரகமில்லை. உற்பத்தி நின்றால் இருப்பு சில நாட்களில் காலி. அதனால்தான் சுற்று முடிந்த ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகிறது. அப்பாவின் காய்ச்சல் பத்தாம் நாள் வந்தது தற்செயல் இல்லை. ஆன்டிபாடியின் கதையே வேறு. ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடியின் முக்கிய வகையான ஐ.ஜி.ஜி. பாதியாகக் குறையவே மூன்று வாரம் ஆகும். அதைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் நீண்ட நாள் வாழ்பவை பிரிவதே இல்லை, ஆகவே கீமோ அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆகவே பரிசோதனைத் தாளில் ஆன்டிபாடி கம்பீரமாக நிற்கும். அதைப் பிடித்து வேலை செய்ய வேண்டிய செல், 1500-க்கு மேல் இருக்க வேண்டியது, 300-ல் கிடக்கும்.

சளி வராததற்கும் எக்ஸ்ரே தெளிவாக இருந்ததற்கும் இதுவே காரணம். மஞ்சள் சளி, சீழ் என்று நாம் அருவருப்பது பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்கள்தான். நுரையீரலில் வெள்ளையாகத் தெரியும் திட்டுக்கும் அவற்றின் கூட்டம் ஒரு முக்கியக் காரணம். கூட்டம் சேர ஆளே இல்லாதபோது படத்தில் என்ன தெரியும்? காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். முதல் எக்ஸ்ரேயைப் பார்த்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் மனதில் வைத்திருந்தால் அதை விட்டுவிடலாம்.

இன்னொரு சாத்தியத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நியூமோகாக்கஸில் உறையின் அமைப்பை வைத்து 100-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. தடுப்பூசியில் இருப்பது 13, 15, 20, 23 என்று சிலவே. அப்பாவைத் தாக்கியது பட்டியலில் இல்லாத வகையாக இருந்தால், அதற்குப் பிடியே வைக்கப்பட்டிருக்காது. தவிர, வெள்ளையணு நன்றாக இருப்பவர்களுக்கும் இது முழுக் கவசம் இல்லை. நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 85,000 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான பெரிய ஆய்வில், 13 வகை ஊசி அதே வகைக் கிருமிகளால் வரும் நிமோனியாவைச் சுமார் 46 சதவீதமும், ரத்தத்துக்குப் பரவும் கடும் தொற்றை 75 சதவீதமும் குறைத்தது. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

எல்லாத் தடுப்பூசியும் இப்படி விழுங்கும் செல்லை நம்பி இருப்பதில்லை. டெட்டனஸில் ஆளைக் கொல்வது கிருமி விடும் நச்சு. ஆன்டிபாடி அந்த நச்சோடு ஒட்டி, நரம்புக்குள் போகவிடாமல் அடைத்துவிட்டால் போதும், விழுங்க ஆள் வேண்டியதில்லை. அப்பா டெட்டனஸ் ஊசி ஒழுங்காகப் போட்டவர் என்றால் நியூட்ரோஃபில் 300 ஆக இருந்த அன்றும் அந்தக் காப்பு அப்படியேதான் இருந்திருக்கும். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸுக்கு, ஆன்டிபாடி வழிகாட்ட, காம்ப்ளிமென்டே ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். நியூமோகாக்கஸின் செல்சுவர் தடிமன், அங்கே அந்த வித்தை பலிக்காது. மண்ணீரலை எடுத்துவிட்டவர்களுக்கு நியூமோகாக்கஸ் அவ்வளவு ஆபத்தாவதும் இதே கணக்கில்தான். ரத்தத்தில் ஓடும் கிருமியை வடிகட்டி விழுங்கும் மேக்ரோஃபேஜ்களின் பெரிய முகாம் அது.

பிடியை மட்டும் நம்பிக் கை சுட்டுக்கொண்ட கதை ஒன்றும் உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிக்கு எதிராக வி-710 என்ற தடுப்பூசியை, இதய அறுவைக்குப் போகும் சுமார் 8000 பேரிடம் சோதித்தார்கள். ஆன்டிபாடி ஜோராக ஏறியது. தொற்றோ குறையவில்லை. அதைவிட மோசம், பிறகு இந்தக் கிருமி தாக்கியவர்களில், ஊசி போட்டவர்களே அதிக விகிதத்தில் இறந்தார்கள். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள், முடிவுகள் 2013-ல் வெளிவந்தன. அந்த மரணங்களுக்கான காரணம் இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கிருமியின் தந்திரங்கள் தெரிந்தவை. அதன் மேலுள்ள புரதம் ஏ, ஆன்டிபாடியைத் தலைகீழாக, வால் பக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரோஃபில் பிடிக்க வேண்டிய வால் மறைந்துவிடும். போதாததற்கு நியூட்ரோஃபிலையே வெடிக்கச் செய்யும் நச்சுகளும் அதனிடம் உண்டு. இத்தனை ஆண்டுகளாகியும் அந்தக் கிருமிக்கு ஒரு தடுப்பூசி இல்லாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆன்டிபாடி அளவு ஏறியதைப் பார்த்தே திருப்திப்பட்டுவிடும் பழக்கம்தான் எனக்கு எரிச்சல்.

பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பைச் சேர்ந்த இந்த விழுங்கும் செல்களுக்குத் தடுப்பூசிக் கதையில் கடைசிக் காட்சி மட்டும்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். தொடக்கமும் அவர்களுடையதுதான். ஊசி போட்ட கை மறுநாள் வீங்கி வலிக்கிறதே, அங்கே நியூட்ரோஃபிலும், மோனோசைட் என்ற இன்னொரு வெள்ளையணுவும் வந்து குவிந்திருக்கின்றன. 1973-ல் ரால்ஃப் ஸ்டைன்மன் கண்டு சொன்ன டென்ட்ரிடிக் செல், ஊசியில் உள்ள பொருளை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போய், இது ஆபத்தானது என்று, எதிர்ப்பை முடுக்கிவிடும் டி செல்களுக்குக் காட்டினால்தான் ஆன்டிபாடி உற்பத்தி சூடு பிடிக்கும். 1920-களிலிருந்து ஊசிகளில் அலுமினிய உப்பைக் கலப்பதும் இந்தச் செல்களை உசுப்பிவிடத்தான். ஆகவே அம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் ஊசி போடும்போது, வலிக்குமே என்று முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுத்து அனுப்ப வேண்டாம். வழக்கமாக முன்னரே கொடுத்த குழந்தைகளுக்குச் சில ஆன்டிபாடி அளவுகள் குறைவாக வந்ததை 2009-ல் வெளியான செக் நாட்டு ஆய்வு காட்டியது. காய்ச்சல் வந்து குழந்தை சிரமப்பட்டால் கொடுங்கள், தப்பில்லை. மெனிஞ்சோகாக்கஸ் பி ஊசி மட்டும் விதிவிலக்கு. அதற்குச் சில நாடுகளில் முன்னரே கொடுக்கச் சொல்கிறார்கள்.

பி.சி.ஜி. விஷயத்துக்கு வருகிறேன். காணொளியில் சொன்னது முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். பி.சி.ஜி. போட்டவர்களின் மோனோசைட்டுகள், காசநோய்க்குச் சம்பந்தமே இல்லாத கிருமிகளிடமும் சில மாதங்களுக்கு வேகமாக எதிர்வினை காட்டுவதை 2012-ல் மிஹாய் நெட்டேயாவின் குழு காட்டியது. பயிற்சி பெற்ற எதிர்ப்பு என்று இதற்குப் பெயர். மஜ்ஜையில் உள்ள தாய் செல்களிலேயே அந்தப் பழக்கம் பதிகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவில் எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு உடனே பி.சி.ஜி. போட்டபோது ஆரம்ப வார மரணங்கள் குறைந்தன. டென்மார்க்கில் செய்து பார்த்தபோது குழந்தைகள் மருத்துவமனையில் சேர்வது குறையவில்லை. கோவிட் காலத்தில் மருத்துவப் பணியாளர்களுக்குப் போட்டுப் பார்த்த பெரிய ஆய்விலும் பலன் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வுத் துறை இது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு ஒரே பதில், கூடவே கூடாது. பி.சி.ஜி. உயிருள்ள கிருமி. அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய செல்கள் பலமிழந்த உடம்பில் அது பரவிவிடக்கூடும்.

வெள்ளையணு ஊசி என்று அவர்கள் சொல்வது ஜி-சி.எஸ்.எஃப். ஆக இருக்கும். நியூட்ரோஃபில்களைச் சீக்கிரம் உண்டாக்கி வெளியே அனுப்பும்படி மஜ்ஜையை முடுக்கும் மருந்து. கீமோ முடிந்து குறைந்தது ஒரு நாள் கழித்துப் போடுவார்கள். எலும்பு வலி வரலாம், பெரும்பாலும் சில நாளில் போய்விடும். தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசி ஏற்கெனவே வைத்த பிடிகள் அப்பாவின் ரத்தத்தில் காத்திருக்கின்றன. அவற்றைப் பிடிக்கும் கைகளை இந்த ஊசிதான் கொண்டுவரும். போட்ட பணம் வீணா என்றால், இல்லை. மீதமிருந்த கொஞ்சம் நியூட்ரோஃபிலும், கல்லீரல், மண்ணீரலில் உள்ள மேக்ரோஃபேஜ்களும் அந்தப் பிடிகளைப் பயன்படுத்தியிருக்கும். அவர் தேறியதில் அதற்கும் பங்கு இருக்கலாம். இன்னொரு தவணை நியூமோகாக்கல் ஊசி வேண்டுமா என்பது முதலில் போட்டது எது என்பதைப் பொறுத்தது. கீமோ நடுவில் அவசரப்பட வேண்டாம். சிகிச்சை முடிந்து மூன்று மாதம் வாக்கில், பழைய ஊசிச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

குழந்தைகளுக்குக் கட்டாயம் போடுங்கள், அம்மாவுக்கும்தான். இதில் அப்பாவுக்கே பெரிய லாபம். நியூமோகாக்கஸ் நிம்மதியாகக் குடியிருக்கும் இடம் சின்னக் குழந்தைகளின் மூக்கு. அங்கிருந்துதான் பெரியவர்களுக்கு வருகிறது. அமெரிக்காவில் 2000-ல் கைக்குழந்தைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கியபோது, ஊசியே போடாத முதியவர்களிடமும் அந்த வகைக் கிருமிகளின் கடும் தொற்று குறைந்தது. கை குறைவாக இருக்கும் மனிதரிடம் கிருமியே வராமல் பார்த்துக்கொள்வது எந்த ஊசியையும்விட மேல். குழந்தைக்கு மூக்கொழுகும் நாட்களில் தாத்தா மடியில் படுக்க வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான், சொல்லிவிடுங்கள்.

அடுத்த சுற்று முடிந்த ஆறாம் நாளே ஒரு தெர்மாமீட்டரை அப்பாவின் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், ஃபாரன்ஹீட் கருவி என்றால் 100.4, பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாம், காலையில் போகலாம் என்று உட்காராதீர்கள். மாத்திரை இருக்கிற ஒரே அடையாளத்தையும் மறைத்துவிடும். இரவு இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். வாசலிலேயே "கீமோ நடக்கிறது, இத்தனாவது நாள், காய்ச்சல்" என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், நியூட்ரோஃபில் எண்ணிக்கை வந்துவிட்டதா என்று கேளுங்கள்.